நிலத்தில் வைக்காத தாலி

சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடாத வாகனத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒஸ்லோவில் பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஸ்ட்ரோம்மன் தரிப்பிடத்துக்கு இரண்டு நிமிடம் பிந்திப் போனால், அங்கே நிற்கும் நோர்வேக்காரர் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கைக்கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே காலம் தள்ளியவன் நான். அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு தாலியைக் கையில் கொடுத்துக் கிரேக்கக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

தாலி என் அக்காவின் மகள் நிரோஷாவுக்கு. மாப்பிள்ளை நிகோஸ், அவளோடு ஒஸ்லோவில் படித்த கிரேக்கப் பையன். நல்லவன். அக்கா வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பைக் கோப்பையில் மிச்சம் விடாமல் விரலால் வழித்துச் சாப்பிடுகிற ஒருவனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவனுடைய அப்பாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானம் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால் கலியாணம் அவர்களுடைய தீவில். காலையில் எங்கள் முறைப்படி தாலிகட்டு, பின்னேரம் அவர்களுடைய கோயிலில் மற்றச் சடங்கு. தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் வெளியே போனால் உல்லாசப் பயணிகள் வந்து குவிந்துவிடுவார்கள் என்று நிகோஸின் அப்பா பயப்படுகிறார். வரைபடத்தில் ஓர் எறும்பு ஏறி நின்றால் மறைந்துவிடும் அளவுதான்.

ஒஸ்லோ ஐயருக்கு அந்தக் கிழமை வேறு இரண்டு கலியாணம் இருந்தது. வர முடியாது என்று சொல்லி, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதிலிருந்து பத்து ஐம்பது வரை சுபநேரம். விளக்கு, மஞ்சளில் பிள்ளையார், தேங்காய், அதன் பிறகு தாலி. "தாய்மாமன் எடுத்துக் குடுத்தால் காணும், யோசியாதையுங்கோ" என்றார்.

நிரோஷாவின் அப்பா, என் அத்தான், வரவில்லை. மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதல்ல அவருடைய கோபம். நாங்கள் திருகோணமலைப் பக்கத்து ஆட்கள். அங்கே கலியாணம் பொம்பிளை வீட்டில்தான் நடக்கும். மாப்பிள்ளை வந்து தாலி கட்டி அந்த வீட்டிலேயே இருந்துவிடுவான். "லோறென்ஸ்கூக்கில இந்த வீட்டை வாங்கினதே அவளின்ரை கலியாணத்தை இஞ்சை வைக்கத்தான். பொம்பிளையைக் கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில விடுற வழக்கம் எங்களிட்டை எப்ப வந்தது?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் மகளோடு பேசவில்லை. அக்கா அழுதும் பார்த்தாள், சண்டை பிடித்தும் பார்த்தாள். கடைசியில் தானும் மகளுமாக ஒரு கிழமை முன்னதாகவே போய்விட்டாள்.

தாலி செய்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நான் பின்தங்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஹொல்ம்லியாவில் அவருடைய வீட்டுக் கதவடியில் நின்று வாங்கினேன். நல்ல காரியத்துக்குச் செவ்வாயில் வெளிக்கிடுவதா என்று அக்கா போனில் முனகிவிட்டு, அடுத்த மூச்சில் கட்டளைகளை அடுக்கினாள்.

"சூட்கேசுக்குள்ளை போடாதை. நிலத்தில வைக்காதை. குடுத்து முடியுமட்டும் மச்சம் மாமிசம் வாயில வைக்காதை. விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

"உன்னைத்தான்ரா நம்பியிருக்கிறன்."

மஞ்சள் துணியில் சுற்றி, வேலைக்குப் பாண் கொண்டுபோகும் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அதைவிடப் பத்திரமான பெட்டி வீட்டில் இல்லை. விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அதைத் திறந்து, துணியை விரித்து, அழகாக இருக்கிறது என்றாள். பெட்டி ஓடுகிற பட்டியில் போனபோது, பட்டி நிலம் அல்ல என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஒலிம்பிக் போட்டிக்காக ஏதென்ஸ் நகரத்தை முழுக்கக் கிண்டிப் போட்டிருந்த வருடம் அது. ஒஸ்லோவில் ஒரு வீதியைத் தோண்டினால் மூன்று மாதத்துக்கு முதலே வீட்டுக்குக் கடிதம் வரும். இங்கே பஸ்காரர் பள்ளத்தைக் கண்டபின்தான் திருப்புகிறார். திருப்பிக்கொண்டே ஒரு கையால் சிகரெட் பற்றவைக்கிறார். ஒரே தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் வெயில் நல்ல வெயில். நோர்வே வெயில் மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிற வெயில் அல்ல.

புதன்கிழமை காலை ஆறரைக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். கப்பல் நின்றது. ஏணி இறங்கவில்லை. சனம் முழுக்கப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தது. வடக்கிலிருந்து காற்று. ஆவணி மாதத்தில் அவர்களுடைய கடலில் அடிக்கும் காற்றாம், மெல்தேமி என்று பெயர். அது ஓர் அளவுக்கு மேலே போனால் துறைமுக அதிகாரிகள் எந்தக் கப்பலையும் விடமாட்டார்கள்.

ரிக்கெற் விற்கும் பெண்ணிடம் போனேன். முன்னால் நுரை ததும்பும் குளிர்க் கோப்பி ஒன்று வைத்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் சமமாக உடைந்த ஆங்கிலம்.

"கப்பல் எப்போது போகும்?"

"காற்று விழுந்தால்."

"காற்று எப்போது விழும்?"

அவள் நாடியை மேலே தூக்கி நாக்கால் ஒரு சத்தம் செய்தாள். தெரியாது என்று எடுத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒரு கலியாணம். நான் போகாவிட்டால் கலியாணமே இல்லை. எங்கள் நாட்டில் முழங்காலளவு பனி கொட்டினாலும் பஸ் ஓடும்."

"பனியில் பஸ் மூழ்காது" என்றாள் அவள், கோப்பியை உறிஞ்சியபடி.

நான் இடத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு யன்னலாகப் போய்க் கேட்டேன். திரும்பி வந்து முதல் யன்னலில் மறுபடியும் கேட்டேன். பின்னேரம் அந்தப் பெண் என்னைக் கண்டதுமே கையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். மத்தியானம் துறைமுகத் தொழிலாளர் சாப்பிடும் கடையில் கடைக்காரர் பொரித்த மீனைக் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று கைகூப்பினேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்து, "புதன்கிழமை, விரதமா?" என்று கேட்டார். அவர்களுடைய சமயத்திலும் புதனும் வெள்ளியும் விரதமாம். ஓம் என்று தலையாட்டினேன். உடனே தக்காளியில் வேகவைத்த பெரிய அவரை விதையும் பாணும் வந்தன. உறைப்பு ஒரு துளியும் இல்லை. எங்கள் ஊர்க் கடலைக்காரியிடம் கொடுத்திருந்தால் அந்த விதையை வைத்தே ஊரை ஆண்டிருப்பாள்.

பெட்டி முழு நேரமும் மடியில்தான். அத்தானுக்குப் போன் எடுத்தேன். அக்கா இரண்டு நாளாக அடித்தும் எடுக்காத மனிதர், என் இலக்கத்துக்கு எடுத்தார்.

"கப்பல் ஓடேல்லை அத்தான். காத்து."

"நான் உன்னை ஓடச் சொன்னனானோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. இவருக்காக இல்லாவிட்டாலும், இந்தத் தாலியைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் ஒஸ்லோவுக்குத் திரும்புவதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை காற்றுக் கொஞ்சம் தணிந்தது. காலை ஏழுக்குப் போக வேண்டிய கப்பல் பத்தரைக்கு வெளிக்கிட்டது. என்னுடைய பஸ் அப்படிப் பிந்தினால் பத்திரிகையில் வந்துவிடும். இங்கே சனம் கைதட்டியது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்சில் ஆட்டுக்குட்டி, சைக்கிள், அரிசிமூட்டை எல்லாம் ஏறும். இந்தக் கப்பலில் லொறி ஏறியது; மேல்தட்டில் ஒருவர் கூண்டில் கோழிகளோடு வந்தார். கடல் நடுவுக்குப் போனதும் லொறிக்காரர், கோழிக்காரர், தலைக்கு எண்ணெய் பூசிய இளைஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கடதாசிப் பைக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு பாதிரியார். கறுப்பு அங்கி, நெஞ்சுவரை தாடி. நான் பெட்டியை விடாமல் பிடித்திருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும், பெட்டியை அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை. தவித்துக்கொண்டிருந்தபோது அவரே உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார், உள்ளே என்ன என்று. திறந்து காட்டினேன். கலியாணம், கழுத்து, கட்டுவது என்று கையால் விளக்கினேன். நிலத்தில் வைக்கக்கூடாது என்றும் சொன்னேன்.

"எங்களுக்குக் கிரீடம்" என்றார் அவர். "மணமக்கள் தலையில் வைத்தது. ஆயுள் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பார்கள். இங்கே கொடு."

திரும்பி வந்தபோது கப்பல் பக்கவாட்டில் சரிந்து எழும்பியது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு, முகம் பச்சையாகி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரும் கடதாசிப் பை கேட்கும் நிலையில்தான் இருந்தார். ஆனால் நான் வந்து வாங்கும்வரை கையை இறக்கவில்லை. அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னது போதாது என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பெரிய தீவில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கிருந்து நிகோஸின் தீவுக்கு ஒரு சின்னக் கப்பல். அன்றைக்கு அது கட்டிய கயிற்றை அவிழ்க்கவே இல்லை. கப்டன் கோப்பிக் கடையில் இருக்கிறார் என்றார்கள். போனேன். சின்னக் கோப்பையில் மண்டி மட்டும் மிச்சமிருக்க, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் எங்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்குப் போவீர்களா?"

"கடவுள் விட்டால்."

"நானும் சனத்தை ஏற்றுகிறவன்தான். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். ஓட முடியாது என்றால் ஏறுகிறவனுக்கு உள்ளதைச் சொல்லிவிடுவேன். நீங்களும் உள்ளதைச் சொல்லுங்கள்."

அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினார். "ஆறு மணிக்குக் கரையில் நில். நான் கயிற்றை அவிழ்த்தால் ஏறு. அவிழ்க்காவிட்டால் என்னைப் பேசாதே, காற்றைப் பேசு."

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே நான் கரையில். வேட்டி, பட்டுச் சால்வை, திருநீறு எல்லாம் தயார். இறங்கி உடுப்பு மாற்ற நேரம் இருக்காது என்ற கணக்கு. காற்று வேட்டியைப் பாய்மரமாக்கியது. சனம் பார்த்தது, பார்க்கட்டும். ஏழாயிற்று. ஏழரையாயிற்று. கப்டன் வந்து கடலைப் பார்த்தார், போனார், திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். எட்டே காலுக்குக் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றரை மணித்தியாலப் பயணம். ஒன்பதே முக்காலுக்கு இறங்கினால் ஒரு மணித்தியாலம் கையில் கிடக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

தீவு தெரிந்தது. வெள்ளை வீடுகள் தெரிந்தன. துறையடியில் அலை சுவருக்கு மேலால் பாய்ந்ததும் தெரிந்தது. கப்பல் இரண்டு தரம் கிட்டப் போய் இரண்டு தரமும் பின்வாங்கியது. கரையில் நின்று கைகாட்டுகிறவர்களின் சேட்டு நிறம்கூட எனக்குத் தெரிகிறது, இறங்க முடியவில்லை. மணி பத்து. நான் படியேறிக் கப்டனிடம் போய், இன்னும் ஒரு தரம் கிட்டப் போங்கள், நான் பாய்ந்துவிடுகிறேன் என்று கையால் காட்டினேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் இருந்தது.

"நீ பஸ் ஓட்டுகிறாய். கதவு திறக்கக்கூடாத இடத்தில் ஆளை இறக்குவாயா?"

கப்பல் தீவைச் சுற்றி மறுபக்கத்துக்குத் திரும்பியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து இருபது. பத்து நாற்பது. பத்து ஐம்பது. சின்னக் குடாவுக்குள் புகுந்து, கப்டன் கையைப் பிடித்து என்னைக் கல்லில் இறக்கியபோது பத்து ஐம்பத்தெட்டு. பெட்டி நெஞ்சோடு இருந்தது. நிலத்தில் வைக்கவில்லை, மச்சம் தொடவில்லை, நான்கு நாள் ஒரு கட்டளையையும் மீறவில்லை. எட்டு நிமிடம் பிந்திவிட்டேன்.

நிகோஸ் தன் அப்பாவின் பேக்கரி வானோடு மறுபக்கம் ஓடி வந்திருந்தான். பட்டு வேட்டியை இடுப்புப் பட்டியால் இறுக்கியிருந்தான். "மாமா!" என்று கட்டிப்பிடித்தான். பெட்டியை அணைத்துக்கொண்டு வானில் ஏறினேன்.

பேக்கரி முற்றத்தில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வாழைமரம் கிடைக்காமல் இரண்டு அத்திமரக் கொப்புகளைக் கட்டியிருந்தார்கள். நிகோஸின் அப்பா சவரம் செய்து, கோட்டுப் போட்டு, கதிரையில் இருந்தார். அக்கா படியில் குந்தியிருந்தாள்.

"போட்டுதடா குணம். நேரம் போட்டுது."

"அம்மா, மாமா வந்திட்டார்தானே. விடுங்கோ" என்றாள் நிரோஷா. கூறைச்சேலையில் நின்றாள்.

"என்னத்தை விடுறது? தகப்பனும் இல்லை, நேரமும் இல்லை. என்னத்தை வச்சு உனக்குத் தாலி கட்டுறது?"

அடுத்த நல்ல நாள் எப்போது என்று தாளில் இல்லை. எனக்குத் திங்கட்கிழமை வேலை. நிகோஸின் சொந்தக்காரர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசாமல் அந்தக் கல்லிலிருந்து கடலில் விழுந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது நிரோஷாவின் போன் அடித்தது. அவள் பார்த்தாள். முகம் மாறியது. "அப்பா" என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். "நீங்கள் எடுங்கோ மாமா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"குணம், தாலி கட்டியாச்சோ?" என்றார் அத்தான்.

"இல்லை அத்தான். இப்பத்தான் வந்து சேர்ந்தனான். நேரம் போட்டுது. பிழை என்ரைதான்."

"என்ன நேரம் போட்டுது? இஞ்சை இப்பத்தான் பத்து அஞ்சு."

எனக்கு உடனே ஓடவில்லை. கிரேக்கம் நோர்வேயைவிட ஒரு மணித்தியாலம் முந்தி. ஏதென்சில் இறங்கும்போதே கடிகாரத்தைத் திருப்பி வைத்தவன் நான். ஐயர் எழுதிய தாளைத் திருப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. தாளில் ஒன்பது இருபது என்றால் எங்கே நின்றாலும் ஒன்பது இருபது என்று நானும் அக்காவும் நம்பிக்கொண்டிருந்தோம்.

"இஞ்சை பதினொண்டு அஞ்சு அத்தான்" என்றேன்.

"இருக்கட்டும். காலமை ஐயரைக் கேட்டனான். ரெண்டு இடத்தில ரெண்டு நேரமெண்டால் எதைப் பாக்கிறதெண்டு. பொம்பிளை வீட்டு நேரம்தான் கணக்கு எண்டவர்." அத்தான் ஒருமுறை தொண்டையைச் செருமினார். "பொம்பிளை வீடு இஞ்சைதானே கிடக்கு. விளக்குக் கொளுத்தி வச்சிருக்கிறன். இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. நிண்டு கதைக்காமல் அலுவலைப் பார்."

அத்தான் சொன்னதை நான் சொல்லி முடிக்க முதலே அக்கா எழும்பிவிட்டாள். நிரோஷா போனை வாங்கி, "அப்பா" என்றாள். பிறகு சத்தம் வெளியே கேட்கும்படி பொத்தானை அழுத்தி, போனைத் தட்டத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காற்று விளக்கை மூன்று தரம் அணைத்தது. நிகோஸின் அப்பா எழும்பிப்போய்ப் பாண் சுடும் தகரங்களைக் கொண்டுவந்து விளக்கைச் சுற்றி நிறுத்தினார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்தேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, துணியை விரித்து, தாலியை எடுத்து நிகோஸின் கையில் கொடுத்தேன்.

தாலி கட்டும்போது மேளம் முழங்க வேண்டும். எங்களிடம் மேளம் இல்லை. பழக்கத்தில் நான் மட்டும் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

தட்டத்திலிருந்து தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வெடித்தன. போன் வெற்றிலைமேல் அதிர்ந்து நகர்ந்தது. நிகோஸ் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, முடிச்சைப் போட்டான். முற்றத்தில் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குனிந்திருந்த நிரோஷாவின் கண்ணீர் கூறைச்சேலையில் சொட்டுவதை நான் பார்த்தேன்.

அது கசெற். லோறென்ஸ்கூக் வீட்டில் கிடக்கும் பழைய கலியாண மேளக் கசெற், எனக்குத் தெரியும். கெட்டிமேளம் அதன் தொடக்கத்தில் இல்லை, நடுவில் எங்கேயோ வரும். ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பச் சுற்றி, காது கொடுத்துக் கேட்டுத்தான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒருவரும் இல்லாத வீட்டில், மகளோடு இரண்டு மாதமாகப் பேசாத மனிதர் அந்த வேலையை முடித்துவிட்டு, பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.